வேலிக்குள் ஒரு பிடி மஞ்சள் அரிசி

மார்ச் 2, 1957, சனி

இல்லை, நான் யாருடைய ஆளும் இல்லை. மாவட்ட அலுவலகத்தில் மொழிபெயர்க்கிறேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழிலும் மலாயிலும் போடுகிறேன், அந்த இரண்டில் வருவதை ஆங்கிலத்தில் போடுகிறேன். நடுவில் நான் ஒரு ஜன்னல். ஜன்னலை யாரும் ஆள் என்று சொல்வதில்லை.

இன்று செகு ரம்லி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். அவருடைய அண்ணன் மகளுக்கு. மலாய்ப் பள்ளி ஆசிரியர், அதனால் ஊரே அவரைச் செகு என்கிறது. நாற்பத்தெட்டில் அவசரகாலம் அறிவித்தபோது பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். இப்போது பெரிய மலாய்க் கட்சியின் இளைஞர் பிரிவில் இருக்கிறார். கிளைத் தலைவராகப் பார்க்கிறார் என்று பேச்சு.

எனக்கு அழைப்பு வந்தது உண்மை. "போய் வா, காதைத் திறந்து வைத்துக்கொள்" என்று வெள்ளைக்கார அதிகாரி வில்மட் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் தொடர்பில்லை. அழைப்புத்தான் முதலில் வந்தது.

மணமக்கள் மேடையில் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் தோய்த்த அரிசியைத் தூவினார்கள். அரிசியோடு பொரி. பாண்டான் இலையை மயிர்போல அரிந்து அதில் கலந்திருந்தார்கள். அந்த வாசனை இன்னும் சேலையில் இருக்கிறது. நம்முடைய அட்சதைதான். நெய் மட்டும் இல்லை.

அரிசி தூவிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எங்கள் ஊர் புக்கிட் செரயாவைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களுக்குள் அரிசி கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலிக்குள்ளே பொதுச் சமையற்கூடம்; அங்கே வெந்த சோறு கொடுக்கிறார்கள். சோறு மறுநாள் புளித்துவிடும், காட்டுக்குப் போகாது. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் இந்தத் தடை இல்லை. நகரத்தில் பங்கீட்டு அட்டைக்கு அரிசி உண்டு. ஒரே மாவட்டம்தான்.

செகுவின் தங்கை ரொகாயா எனக்குக் காப்பி கொடுத்தாள். கணவனை இழந்தவள். ஏழாங்கட்டைத் தோட்டத்து வாசலில் பெண்களைச் சோதனை போடும் வேலை. "உங்கள் ஊர்க் கல்யாணத்திலும் இதைத்தானே தூவுவீர்கள்" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டில் மிஞ்சியதை வாழையிலையில் பொதிந்து எடுத்து வைத்தாள். சிக்கனமானவள்.

அரசியல் ஒன்றும் காதில் விழவில்லை. எல்லோரும் ஆட்டிறைச்சியைப் பற்றிப் பேசினார்கள்.

மார்ச் 4, திங்கள்

அரசியலமைப்பு ஆணையத்தின் அறிக்கைக்குத் தமிழ்ச் சுருக்கம் செய்கிறேன். மலாய்க்காரருக்குச் சிறப்பு நிலை. மற்றவர்களுக்கு நியாயமான நலன்கள். ஒருவருக்கு நிலை, மற்றவருக்கு நலன். காலை முழுவதும் இந்த ஒரு வரி.

மதியம் ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குத் துண்டறிக்கை கொண்டுபோனேன். குடியுரிமை வாங்குவது எப்படி. பெண்கள் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வெற்றிலை மடிக்க உதவும்.

பேச்சாயி என்று ஒருத்தி. பால் வெட்டுபவள். வரும் ஞாயிறு மகளுக்குக் கல்யாணம், கோயில் கொட்டகையில், நான் கட்டாயம் வர வேண்டும் என்றாள். ஏழு வயதில் எடப்பாடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவளாம். குடியுரிமைக்கு எழுதிப் போட்டாயா என்றேன். "போட்டுக்கலாங்க. நான் எங்க போகப் போறேன்" என்றாள்.

மார்ச் 5, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைத் தேநீர். வில்மட் மாவட்டத்தின் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி. என் மேலதிகாரி அல்ல. அலுவலகத்தின் மேல்மாடியில் இருக்கிறார், புத்தகம் இரவல் தருகிறார். இந்த ஊரில் புத்தகம் படிக்கிற இன்னொருவர் அவர்தான். ஆகஸ்டில் வரும் சுதந்திரத்துக்குப் பிறகு ஆப்பிரிக்கா போகப் போகிறார். அங்கேயும் வேலி போட ஆள் வேண்டுமாம். அவரே சொல்லிச் சிரித்தார்.

செகு வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். அரிசி தூவுவதைச் சொன்னேன். எங்களுடையதிலும் அதுவேதான், நாங்கள் நெய் விட்டுப் பிசைவோம், பொரியும் இலையும் சேர்க்க மாட்டோம் என்றேன். சோற்றைத் தூவ முடியாது, வேகாத முனை முறியாத அரிசிதான் வேண்டும், அது இல்லாமல் தாலி ஏறாது என்றேன். இரண்டு இனமும் ஒரே கடலைத் தாண்டிவந்த ஒரே பிடி அரிசியைத் தூவுகிறது என்று சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

அப்படியானால் தோட்டத்தில் இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். தெரியாது, ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன், பார்த்துவந்து சொல்கிறேன் என்றேன்.

பண்பாடு பற்றிய பேச்சு. பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபிறகு இப்படிப் பேசக் கிடைப்பதில்லை.

மார்ச் 8, வெள்ளி

வில்மட் பங்களா வாசலில் செகுவின் சைக்கிள். மணி உடைந்த பச்சை சைக்கிள், வேறு யாருடையதும் இல்லை. அரைமணி நேரம் நின்றிருந்தது.

உள்ளே போய் விசாரிக்க எனக்கு என்ன இருக்கிறது.

மார்ச் 9, சனி

பேச்சாயியைப் பிடித்துவிட்டார்கள்.

நான் அங்கே இருந்தேன். துண்டறிக்கை மீதத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். பால் வெட்டு முடிந்து பெண்கள் வாசலுக்குத் திரும்பும் நேரம். ரொகாயாவின் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி நின்றாள். மாநிலத் தலைமையகத்திலிருந்து வந்தவளாம். வரிசையில் யாரையும் அவள் பார்க்கவில்லை. பேச்சாயி வந்ததும் கைகாட்டினாள். தலைப்பு முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள்.

ரொகாயாதான் அவிழ்த்தாள். மஞ்சள் அரிசி. ஒரு பிடி இருக்கும். கொஞ்சம் மண்ணில் சிந்தியது. பேச்சாயி குனிந்து பொறுக்கப் போனாள். ஒரு போலீஸ்காரன் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

நான் அலுவலக வேனிலேயே இருந்தேன். துண்டறிக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

கல்யாணம் நடக்கவில்லை. ஆனாலும் போனேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வேறொரு தோட்டத்திலிருந்து லாரியில் வந்து, கொட்டகையில் உட்கார்ந்து, சாயத் தண்ணீர் குடித்துவிட்டு அதே லாரியில் திரும்பினார்கள். வாழைமரம் கட்டியபடியே இருந்தது. மகள் செல்லக்கண்ணு கல்யாணச் சேலையை மாற்றாமல் அடுப்பில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தகப்பன் இல்லை. இவளும் தாயும்தான்.

யார் சொன்னது என்பதுதான் லயத்து வீடுகள் முழுவதும் பேச்சு. வேலை வாங்கும் தண்டல் சொன்னான் என்றார்கள் சிலர். சமையற்கூடத்துக்காரன் என்றார்கள். ஒரு கிழவி அந்த மலாய்க்காரிதான் என்றாள். செல்லக்கண்ணு தலையைத் தூக்கி, "அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். "கிராணி மக வந்திருக்கு, ஆரஞ்சு வாங்கியாங்கடா" என்று யாரோ சொன்னார்கள். அப்பா வேறு மாநிலத்தில் கிராணி, தோட்டத்துக் கணக்கர். அது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆரஞ்சைக் குடித்தேன். இனிப்பு அதிகம்.

மார்ச் 11, திங்கள்

படிக்கட்டில் வில்மட். நன்றி சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 13, புதன்

யோசித்துப் பார்க்கிறேன், ஒழுங்காக. வரலாற்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி. யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்கு இலாபம்.

செகுவுக்கு ரொகாயா மூலம் தோட்டத்தில் நடப்பதெல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை அவர் சைக்கிள் அங்கே நின்றது. சனிக்கிழமை பிடித்தார்கள். கிளையில் அவரை எதிர்ப்பவர்கள், இவன் அந்நியருக்கெல்லாம் குடியுரிமை கொடுக்கச் சொல்கிறவன் என்று தூற்றுகிறார்கள். தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தால் அந்தப் பேச்சு அடங்கும். பழைய கைதிக்கு வெள்ளைக்காரனிடமும் நற்பெயர்.

பொருந்துகிறது. எல்லாம் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முடிச்சில் இருப்பது தெரிந்திருந்தது, சரி. அது கல்யாணத்துக்கான அரிசி என்பதையும் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. அட்சதை என்ற சொல்லையே சொன்னாள். செகுவுக்கு அந்தச் சொல் தெரியாது.

மார்ச் 14, வியாழன்

நாடு கடத்தப் போகிறார்கள்.

தட்டச்சுக்காரர் தாஸ் மதியம் சொன்னார். பேச்சாயி இந்தியாவில் பிறந்தவள், குடியுரிமை இல்லை. வழக்கு நடத்தத் தேவையில்லை. திங்கட்கிழமை விசாரணை என்று ஒன்று வைப்பார்கள், அன்றே சிபாரிசு போகும், அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மகள் இங்கே பிறந்தவள், அவள் இருக்கலாம். "ஆகஸ்டுக்கு முன்னாடி போனவங்கள அப்புறம் யாரு மிஸ் உள்ள விடுவா" என்றார் தாஸ். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மை தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனார்.

எடப்பாடியில் அவளுக்கு யாரும் இல்லை.

மார்ச் 15, வெள்ளி

வில்மட் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் பீங்கான் தட்டில் அந்த அரிசி.

விஷயம் எளிது என்றார். தோட்டத்துப் பெண்கள் சடங்கைச் சாக்காக வைத்து அரிசி நடமாட விடுகிறார்கள். இன்று ஒரு பிடி, நாளை ஆளுக்கொரு பிடி, சேர்ந்தால் மூட்டை. இது தமிழர் வழக்கம், இந்த அரிசி அதற்கென்று தயாரித்தது என்று, வழக்கம் தெரிந்த ஒருவர் திங்கட்கிழமை சொன்னால் போதும். நான்தான் அந்த ஒருவர். "நீதான் எனக்கு இதையெல்லாம் விளக்கினாய்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

தட்டைப் பார்த்தேன்.

அரிசிக்கு நடுவே பொரி. காய்ந்து கறுத்த பச்சை இழைகள். குனிந்தபோது வாசனை இன்னும் இருந்தது.

நெய் இல்லை.

எந்தத் தமிழச்சியும் அட்சதையில் பாண்டான் இலை போட மாட்டாள். இது செகு வீட்டுக் கல்யாண அரிசி. வாழையிலையில் பொதிந்து எடுத்து வைத்தாளே, அது. ரொகாயா கொடுத்திருக்கிறாள். கொடுத்ததை அவள் கையாலேயே அவிழ்க்க வைத்திருக்கிறார்கள்.

வில்மட் கவனிக்கவில்லை. அவருக்கு அது மஞ்சள் அரிசி. நான் வித்தியாசத்தைச் சொல்லியிருந்தேன். மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தைச் சரிபார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16, சனி

இப்படி இருக்கிறது. எங்களுடையது என்று சொன்னால் பேச்சாயி கப்பலில். எங்களுடையது இல்லை என்றால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கம்பத்திலிருந்து. கம்பத்தில் யார். சோதனைக்காரியே வேலிக்குள் அரிசி கொடுத்தாள் என்றால் சிறை. அவள் அண்ணன் பழைய கைதி. கம்பத்துக் கல்யாண அரிசி காட்டை நோக்கிப் போனது என்று எழுத ஒரு மாலை போதும். கம்பத்துக்கும் வேலி வரும்.

காவல் நிலையத்துக்குப் போனேன். வாக்குமூலம் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது, நானாகவே போனேன். பேச்சாயி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அரிசியை யார் கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ரோட்டில் கிடந்தது, எடுத்தேன் என்றாள். மஞ்சள் போட்டே கிடந்ததா என்றார். ஆமாம் என்றாள்.

இன்ஸ்பெக்டர் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினேன். கொடுத்தது யாரென்று எனக்குத் தெரியும் என்றேன்.

என்னை நெடுநேரம் பார்த்தாள். நான் யாரென்று எடைபோட்டாள்.

"தெரிஞ்சா தெரிஞ்சிருக்கட்டும். நீங்களும் ரோட்டுல கெடந்ததுன்னே எழுதிக்கங்க."

"பேரைச் சொன்னா உன்ன விட்டுடுவாங்க."

"ரெண்டு வருசமா தெனமும் என் இடுப்பத் தடவிப் பாக்குற கைம்மா அது. எனக்குக் காய்ச்சலுன்னா அதுக்குத்தான் மொதல்ல தெரியும். அன்னிக்கி முடிச்ச அவுக்கயில அந்தக் கை நடுங்குச்சு. அத நான் யாருகிட்டப் போயி சொல்ல?"

பிறகு செல்லக்கண்ணு சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றேன். எனக்குத் தெரியாது.

மார்ச் 17, ஞாயிறு

செகு வீட்டுக்குப் போனேன். கைலியோடு வாசலில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மலாயில் பேசினோம். கேட்டது எனக்குள் தமிழாகவே இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வில்மட் பங்களாவில் என்ன வேலை என்று நேராகவே கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒலிபெருக்கி அனுமதி, சிக் கோகிலம். திடலில் கூட்டம் போட வேண்டாமா? சுதந்திரம் கேட்கிறதுக்கும் அவன்கிட்ட சீட்டு வாங்கணும் லா."

பிறகு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார். "செவ்வாய்க்கிழமை தேநீருக்குச் சீட்டு உண்டா, இல்லை சும்மாவே விடுவானா?"

டியூபில் குமிழ் வந்த இடத்தைக் காட்டினேன். ரொகாயா காப்பி கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை. கண் வீங்கியிருந்தது.

தட்டில் பார்த்ததைச் சொன்னேன். பொரி, இலை. ரொகாயா சுவரைப் பிடித்துக்கொண்டாள். செகு டியூபைத் துடைத்தார், மெதுவாக.

"எங்களுடையதுன்னு சொல்லுங்க" என்றார்.

"உங்க தங்கச்சி?"

"எங்க அடாட்டுன்னு சொல்லுங்க. உங்க பல்கலைக்கழகத்தில் பேரா ஒப்பந்தம் படிக்கலையா?"

படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆயிரத்தெண்ணூற்று எழுபத்துநான்கு. வெள்ளைக்கார ஆலோசகர் சொல்வதை எல்லாவற்றிலும் சுல்தான் கேட்டு நடக்க வேண்டும். மலாய் மதத்தையும் வழக்காற்றையும் தவிர. வரி, நிலம், ஈயம், ரப்பர், ஆள், அரிசி எல்லாம் அவர்கள் கைக்குப் போயிற்று. இந்த இரண்டு மட்டும் வெளியே நின்றது. அதைத்தான் இவர்கள் அடாட் என்கிறார்கள்.

"வெள்ளைக்காரன் கிளம்ப இன்னும் அஞ்சு மாசம்" என்றார் செகு. "உங்க பிடி அரிசின்னா கடத்தல். எங்க பிடி அரிசின்னா அடாட். தொட மாட்டான். என் வீட்டுக் கல்யாண அரிசி, ஆசீர்வாதமா ஒரு தாய்க்கு அனுப்பினோம்னு நானே வந்து சொல்றேன். பெங்ஹுலுவையும் கூட்டிட்டு வரேன்."

பெங்ஹுலு என்றால் கம்பத் தலைவர். செகு வர நினைத்தாலும் அவர் வருவாரா? செகுதான் வருவாரா? நான் முதலில் சொல்ல வேண்டும். சொன்னபின் அவர் வராவிட்டால் ரொகாயா தொலைந்தாள். ஒருவேளை தங்கையைக் கொடுத்துத் தன்னை விலக்கிக்கொள்ளும் கணக்கா? எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிளையில் எல்லாரும் சொல்றாங்க, உங்க ஆளுங்க யார் சோறு போட்டாலும் அவன் பக்கம் சாய்வாங்கன்னு. இந்த அம்மா எட்டு நாளா உள்ள இருக்கு. என் தங்கச்சி பேரைச் சொல்லல." டியூபை டயருக்குள் திணித்தார். "எனக்கும் ஒரு கூட்டத்தில் பேச விஷயம் வேணும். ரெண்டும் உண்மைதான்."

இரண்டாவதை நம்பினேன்.

மார்ச் 18, திங்கள்

மாவட்ட அலுவலகத்தின் சிறிய அறை. வில்மட், இன்ஸ்பெக்டர், எழுத்தர், பேச்சாயி. வாசலில் ரொகாயாவை நிற்க வைத்திருந்தார்கள், கண்டெடுத்த சாட்சியாக. பச்சை சைக்கிள் இல்லை. ஜன்னல் வழியாக இருமுறை பார்த்தேன்.

என்னிடம் தட்டைக் காட்டினார்கள். வில்மட் வழக்கம்போலக் கேட்டார். இது உங்கள் மக்கள் திருமணத்தில் பயன்படுத்துவதுதானே.

இன்னும் கொஞ்சம் தாமதிக்கலாம் என்று தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வந்தது. குடித்தேன். கதவு திறக்கவில்லை.

"இல்லை" என்றேன். "இது எங்களுடையது இல்லை. இதில் பொரி இருக்கிறது, பாண்டான் இலை இருக்கிறது, நெய் இல்லை. இது மலாய்த் திருமண அரிசி."

எழுத்தரின் பேனா நின்றது. வில்மட் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார், முதல்முறையாக. பிறகு தலையைத் திருப்பி ரொகாயாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அந்தப் பார்வைக்குப் பெயரில்லை.

அப்படியானால் இதைக் கொடுத்தது யார் என்று பேச்சாயியிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். ரோட்டில் கிடந்தது என்றாள். மொழிபெயர்த்தேன்.

அப்புறம்தான் வெளியே செருப்புச் சத்தம். பல செருப்புகள். செகு, பெங்ஹுலு, பள்ளிவாசல் பெரியவர், இன்னும் நாலைந்து பேர், எல்லோர் தலையிலும் சொங்கோக் தொப்பி. பெங்ஹுலுவுக்கு வயதாகிவிட்டது, படியேற நேரமாகிவிட்டது என்று செகு மன்னிப்புக் கேட்டார். பெங்ஹுலு தட்டைப் பார்த்தார். ஆசீர்வதித்த அரிசியைக் குற்றப் பொருளாக மேசையில் வைத்திருக்கிறார்களே, சுல்தானின் அலுவலகத்துக்கு இது தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அவ்வளவுதான். யாரும் குரல் உயர்த்தவில்லை.

வில்மட் கொஞ்சநேரம் பேனாவை மூடித் திறந்தார். தவறான புரிதல் என்று எழுதச் சொன்னார். பேச்சாயிக்கு எச்சரிக்கை. ரொகாயாவுக்கு வேலை இல்லை, இன்றிலிருந்தே.

பேச்சாயி என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டாள். வீட்டுக்குப் போகலாம் என்றேன். "எதுக்கு விட்டாங்க?" என்றாள். அதை மொழிபெயர்க்க எனக்கு வரவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தேநீருக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 21, வியாழன்

திடலில் கூட்டம். ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. நம் அடாட்டைச் சிறைக்குள் போடப் பார்த்தார்கள் என்றார் செகு. கைதட்டல். கம்பம் எழுந்து போய் ஒரு பிடி அரிசியை மீட்டது என்றார். இன்னும் பெரிய கைதட்டல். கிளைத் தலைவர் அவர்தான், இனி சந்தேகமில்லை.

பேச்சாயியின் பெயர் வரும் என்று கடைசிவரை நின்றேன். வரவில்லை. ஒரு தாய் என்றுகூட வரவில்லை. அரிசி தானாகவே வேலிக்குள் நடந்துபோனது போல.

அவர் வாக்குக் காப்பாற்றினார். படியேறி வந்தார், பழைய சிறைக்காரர், எல்லாவற்றையும் பணயம் வைத்து. அதையும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கூட்டத்தின் ஓரத்தில் ரொகாயா பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு வாங்கினேன். சில்லறை கொடுக்கும்போது அவள் கை என் கையில் படவில்லை.

மார்ச் 22, வெள்ளி

வில்மட் என் மேசைக்கு வந்தார். கீழ்த்தளத்துக்கு அவர் வருவதில்லை.

ஐந்தாம் தேதி நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை, ஏழாங்கட்டை, வேகாத அரிசி இல்லாமல் தாலி ஏறாது. பதினைந்தாம் தேதி தட்டைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை என்றார். தான் எதையும் எழுத்தில் வைக்கவில்லை என்றார். செகுவுக்கோ தோட்டத்துக்கோ அது தெரிய வேண்டியதில்லை என்றார். புதிய கிளைத் தலைவரோடு எனக்குப் பழக்கம் இருப்பது நல்லது என்றார்.

"செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்" என்றார்.

நான் ஞாயிறு என்று மட்டும்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். ஏழாங்கட்டை என்றும் சொல்லியிருக்கிறேன் போலும். மேலே, ஐந்தாம் தேதியைப் புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை.

மார்ச் 23, சனி

செல்லக்கண்ணுவின் கல்யாணம் நாளை என்று தாஸ் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வருகிறார்களாம். அட்சதைக்குப் பூ இதழ் போதும் என்று பேசி முடித்திருக்கிறார்களாம். தடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடாட்டுக்குத்தான் விலக்கு. வாசலில் புதிய சோதனைக்காரி.

நான் பினாங்கு மருத்துவமனையில் பிறந்தவள். என்னைக் கப்பலில் ஏற்ற முடியாது. வேலையை எடுக்கலாம். ஆறு மாதம் உள்ளே வைக்கலாம். அவ்வளவுதான் முடியும்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் என் பங்கீட்டு அரிசியில் முனை முறியாததாகப் பொறுக்கினேன். மஞ்சள் இழைத்தேன். நெய் விட்டுப் பிசைந்தேன். வீட்டுக்காரம்மாவின் வேலியோரம் பாண்டான் செடி இருக்கிறது. கிள்ளவில்லை.

முடிச்சில் கட்டவில்லை. பித்தளைக் கிண்ணத்தில், மேலே துணி போடாமல் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் பக்கத்துச் சீனத்தி எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஏழாங்கட்டையில் இறங்கினேன். ஓய்வுநாள் என்பதால் வரிசை சிறியது. பேச்சாயி வேலிக்கு உள்ளே நின்றிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். உன் முடிச்சில் அரிசி இருக்கும் என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான் என்று வேலிக்கு வெளியிலிருந்தே சொன்னேன். உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் முகம் மாறியதா என்று பார்க்க நான் நிற்கவில்லை, என் முறை வந்துவிட்டது.

புதிய சோதனைக்காரி பெயரைக் கேட்டாள். சொன்னேன். கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன்.